நோன்பிருப்பவர்களுக்குச் சமைத்தேன்

போன மாதம் பிரகாஷ் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த தியான இல்லத்தின் அடுப்படி இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. சேலத்தில் கேட்டரிங் படித்தவர். நல்ல கை. குரலில் கொஞ்சம் பதற்றம் இருந்தது.

"அக்கா, இங்க தியானத்துக்கு வந்த ஒருத்தரு ராத்திரி சாப்பாடும் வேண்டாங்கறாரு, காலைப் பலகாரமும் வேண்டாங்கறாரு. என்ன பண்றதுங்க?"

"தவக்காலம் தொடங்கற விபூதிப் புதனே இன்னும் வரலியே கண்ணு. அதுக்குள்ள என்ன நோன்பு?"

"நோன்பு இல்லீங்கக்கா. தொப்பைக்காம்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு அவர் கேட்டார், "தவக்காலம் வந்தா நெஜமாவே நோன்பு இருக்கறவங்க வருவாங்களாமே, அவங்களுக்கு என்னதான் சமைச்சீங்க?" என்று. தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். கன்னியர் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு, தியான இல்லத்தில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்த சமையல்காரர் ஊரோடு போய்விட, ஒரு நாள் காலையில் யாரும் சொல்லாமலே அடுப்பைப் பற்றவைத்தேன். அதற்குப் பிறகு கண்ணில் புரை விழுகிற வரை நான்தான் பற்றவைத்தேன். நான் வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

தியான இல்லம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவே நீளமான ஓட்டுக் கட்டடம். ஒரு பக்கம் சிற்றாலயம், ஒரு பக்கம் அறைகள், கடைசியில் சாப்பாட்டு அறையும் அடுப்படியும். வருகிறவர்கள் சில நாள் தங்குவார்கள். வந்த அன்று இரவு மணி அடித்ததும் பேச்சு நின்றுவிடும். கிளம்புகிற நாள்தான் வாய் திறக்கலாம். செபம், வேத வாசிப்பு, மாலையில் சிலுவைப்பாதை, நடுவில் என் சாப்பாடு. வருடம் முழுக்க ஆட்கள் வருவார்கள் என்றாலும், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் ஒரு அறைகூடக் காலி இருக்காது.

சாப்பிடாமல் இருக்க வருகிறவர்களுக்குச் சமையல்காரி எதற்கு என்று என் தம்பியே கேலி செய்வான். அவனுக்குத் தெரியாது. கல்யாணச் சமையலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பசித்த வயிற்றுக்கு ஒரே ஒரு வேளை போடுகிற சாப்பாடு தப்பினால், அந்த மனிதருக்கு அன்றைக்கு வேறு சாப்பாடு கிடையாது. கஞ்சி அடிப்பிடித்தால் அவர் செபத்திலும் அந்தத் தீய்ந்த வாசம் ஏறும்.

தவக்கால வேலை சாம்பலில் தொடங்கும். போன வருடக் குருத்து ஞாயிறு அன்று எல்லாரும் பிடித்த குருத்தோலைகள் காய்ந்து சுருண்டு கோவிலில் கட்டாகக் கிடக்கும். மலைப் பனியில் அவை எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். விபூதிப் புதனுக்கு முந்தின வாரமே அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைப்பேன். பிறகு எண்ணெயே படாத தனி இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்த வேண்டும். அடுப்புச் சாம்பல் ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது. ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சலித்து, கல்லில் வைத்து இழைத்து, மறுபடி சலித்தால் மை போல வரும். அதை வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு சிற்றாலயத்துக்குக் கொண்டுபோவேன். மறுநாள் காலை பூசை வைக்கிற சாமியார் அதே சாம்பலை என் நெற்றியில் சிலுவையாகப் பூசி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்பார். "சட்டி தேச்ச எனக்கே திருப்பிப் பூசறாரு பாரு" என்று ஒவ்வொரு வருடமும் மனதுக்குள் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

எங்கள் மேலாளர் ஆக்னஸ் மதர். தூத்துக்குடிக் கடற்கரை ஊர்க்காரர். நல்ல உயரம், குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். கோபம் வந்தால் இன்னும் தணியும். அப்போது நாம் கிட்டே போய்த்தான் கேட்க வேண்டும், அதுதான் பயம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே வந்து நிற்பார். திரும்பி வருகிற தட்டுகளைப் பார்ப்பார். பேசாமல் இருக்கிறவர்களின் சேதி தட்டில்தான் வரும் என்பார். எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்ட தட்டு, ரசத்தை மட்டும் ஒதுக்கிய தட்டு, பிசைந்து பிசைந்து அப்படியே வைத்த தட்டு. "இந்தத் தட்டு யாருது, அருளம்மா?" என்று கேட்டால் நான் சொல்ல வேண்டும். அன்று மாலை அந்த ஆளுடன் மதர் தோட்டத்தில் சும்மா நடந்துவிட்டு வருவார். மறுநாள் பெரும்பாலும் தட்டு சரியாக வரும்.

என் முதல் தவக்காலத்தில் மதரின் தணிந்த குரலை நான் கிட்டே போய்க் கேட்க வேண்டி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை. காலையிலிருந்து வெறும் வயிறு, மதியம் பயற்றங்கஞ்சி, அவ்வளவுதான் எல்லாருக்கும். பாவம், இரவுக்காவது வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று பலாப்பிஞ்சைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கருவேப்பிலை எல்லாம் போட்டு ஒரு தாளிப்பு தாளித்தேன். அடுப்படிக்குப் பின்னால்தான் சிலுவைப்பாதை ஏறுகிறது. ஆண்டவர் சிலுவை சுமந்து போன பதினான்கு நிலைகளுக்கும் கல் சிலுவைகள், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஒன்றன் பின் ஒன்றாக. கும்பல் சரியாக ஒன்பதாம் நிலைக்கு வந்திருக்கிறது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடம். சாமியார் வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினாராம். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்துவிட்டார்களாம்.

மதர் வந்தார். "ருசியாச் சமைக்க வேண்டாம்னு நான் சொல்லல, அருளம்மா. ஆண்டவர கல்லறையில வச்ச பொறகு தாளி."

அன்றிலிருந்து கடைசிவரை, கல்லறையில் வைக்கிற பதினான்காம் நிலையின் செபம் காதில் விழுந்த பிறகுதான் என் வாணலியில் கடுகு வெடிக்கும்.

பேசாத சாப்பாட்டு அறையில் சைகை உண்டு. விரல்களைத் தேய்த்தால் உப்பு, கையைக் குவித்தால் தண்ணீர், உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். சேலத்திலிருந்து வந்த ஒரு வங்கி மேனேஜர் வெந்நீர் வேண்டும் என்பதற்காக விரல்களை மேலே மேலே ஆட்டி ஆவி காட்டினார். எனக்கு அது நெருப்பாகத் தெரிந்தது. தீப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற அன்று வாய் திறந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்கு வந்து, "ஏனுங்கம்மா, நான் பீடி குடிக்கற ஆளு மாதிரியா இருக்கறேன்?" என்று கேட்டார்.

இப்படிச் சிரிப்பும் கஞ்சியுமாகப் போன வருடங்கள்தான் அதிகம். ஆனால் பிரகாஷ் கேட்டாரே, நெஜமாகவே நோன்பிருக்கிறவர்கள் என்று, அப்படி ஒருவரிடம் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அவர் பெயர் அந்தோணிசாமி. எஸ்டேட் லாரி டிரைவர். நல்ல ஆகிருதி, கை ஒவ்வொன்றும் முறம் போல இருக்கும். ஒரு தவக்காலத் தொடக்கத்தில், அது முடிகிற வரை தங்கட்டும் என்று, அவர் மனைவியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். போகும்போது அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்டுல சரியாவே சாப்புடறதில்லீங்க. வண்டியும் எடுக்கறதில்ல. நீங்க பாத்துக்கோங்கக்கா."

அதற்கு முந்தின வருடம், காப்பி மூட்டைகளோடு செம்மநத்தம் பக்கத்துக் குறுகிய ரோட்டில் அவர் இறங்கி வந்திருக்கிறார். கண்ணுக்கு முன்னால் கை தெரியாத பனி. வரப்பிலிருந்து புல்லுக்கட்டோடு ரோட்டில் கால் வைத்த ஒரு மலைக்காரர் மேல் லாரி சறுக்கி இடித்துவிட்டது. ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் தொடை எலும்பு முறிந்து, ஒரு கால் குட்டையாகி, மேட்டுக் காட்டுக்கு ஏறிப் போய் உழைக்க முடியாதவராகிவிட்டார். பனிதான் காரணம், டிரைவர் மேல் தப்பில்லை என்று கேஸ் முடிந்தது. அந்தோணிக்கு மட்டும் முடியவில்லை.

வந்த அன்றைக்கே தட்டு சேதி சொன்னது. வைத்த சோறு வைத்தபடி வந்தது. கஞ்சியில் மேலாக நாலு வாய். வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீர். மதர் தொட்டியருகே நின்று அந்தத் தட்டைப் பார்த்தார், யாருது என்று கேட்கவில்லை. தோட்டத்தில் அவரோடு நடந்தார். மறுநாளும் தட்டு அப்படியே வந்தது. சாமியாரும் கூப்பிட்டுப் பேசினார். எல்லாவற்றுக்கும் அந்தோணி பணிவாகத் தலையாட்டுவார், சாப்பிடமாட்டார். எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் மழைக்காலம் வந்து வேலை நின்றால் அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டு தான் தண்ணீர் குடித்துப் படுப்பார். அதற்கு யாரும் தவம் என்று பெயர் வைத்ததில்லை. சோறு முன்னால் இருக்கும்போது தள்ளிவைக்கிற மனிதரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன்னால் தூக்கிச் செல்கிற பெரிய மரச்சிலுவையை அந்தோணி கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நிலையில் கும்பல் முழங்காலிட்டது. சிலுவையோடு அவரும் விழுந்தார். இரண்டாம் முறை விழுகிற நிலை அது. ஆகவே எல்லாரும் என்ன உருக்கமாகச் செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செபம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். மரச்சிலுவைக்கு அடியில் முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தார். நாலு பேர் தூக்கி அடுப்படித் திண்டில் படுக்கவைத்தார்கள். டவுனிலிருந்து டாக்டர் வந்து, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்.

டாக்டர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியில் பேசாமை கிடையாது, அது ஒன்றுதான் எனக்கு வசதி.

"ஏனுங்க, இது ஆண்டவருக்காக இருக்கற நோன்பா, இல்ல உங்களையே கொன்னு போடறதுக்கா? உங்க ஊட்டம்மா என் கையப் புடிச்சு ஒப்படைச்சுட்டுப் போயிருக்கறாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சோத்த வாயில வெச்சா அந்த ஆளு விழுந்த சத்தம் கேக்குதுங்கக்கா. எறங்க மாட்டேங்குது."

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பசியைத் தேடிப் போகிற மனிதர் என்று நினைத்திருந்தேன். சாப்பிட முடியாத மனிதர் அவர். நோன்பு என்று பேர் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் தவக்காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மதர் வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு அந்தோணியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் அடுப்படியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அந்தோணி, நீ சாப்பிடாம வச்ச சோறு எங்க போச்சு?"

"தெரியலீங்க மதர்."

"அருளம்மா, நீ சொல்லு."

"பன்னித் தொட்டிக்குங்க மதர்."

"பாத்தியா? நோன்பு இருந்தா, நீ விட்ட சோறு இன்னொருத்தர் வயித்துக்குப் போவணும். பன்னி கொழுக்கறதுக்கு நீ தவம் இருக்கியாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணிக்கும் உதடு லேசாக அசைந்தது.

"இந்த வாரத்துலருந்து உன் பங்குச் சாப்பாட்ட அருளம்மா தூக்குல போட்டுத் தருவா. நீயே கொண்டுபோய் யாருக்காவது குடுக்கணும். யாருக்குக் குடுக்கப் போற?"

அடுப்பில் விறகு வெடித்தது. அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். "வெள்ளையன்." அடிபட்ட மலைக்காரரின் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூக்குப்பாத்திரத்தில் சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுப் பொரியல் எல்லாம் வைத்து மூடினேன். அவர் தனியாகப் போகமாட்டார் என்று தெரிந்து மதர் என்னையும் கூட அனுப்பினார். ஷேர் ஜீப்பில் போனோம். செம்மநத்தம் திருப்பத்தில் இறங்கியதும் அந்தோணி ரோட்டோரமாக நின்றுவிட்டார்.

"நீங்க குடுத்துட்டு வாங்கக்கா. எனக்குக் கால் வரமாட்டேங்குது."

வற்புறுத்தவில்லை. மேட்டில் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறிய வீடு, சுத்தமான வாசல், ஓரத்தில் பலா மரம். வெள்ளையன் கட்டிலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். தியான இல்லத்திலிருந்து நோன்புச் சாப்பாடு என்று சொன்னேன். சின்னப்பொண்ணு வாங்கிக்கொண்டார். பிறகு மேட்டு விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ரோட்டுல நிக்கறது அந்த லாரிக்காரருங்களா?"

மறைக்க முடியவில்லை. ஆமாம் என்றேன்.

வெள்ளையன் கூடையைக் கீழே வைத்தார். "அவரு வந்திருக்கறாரா? அவருகிட்ட எனக்கு ஒரு கேள்வி கேக்கோணும்ங்க. ஒரு வருசமாக் கேக்கோணும் கேக்கோணும்னு கெடக்கறேன். அடுத்த தடவ மேல வரச் சொல்லுங்க."

முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என்ன கேள்வி என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஒரு வாரம் அந்தோணி பட்ட பாட்டை நான் பார்த்தேன். அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன். கண்ணு தெரியலையா என்று கேட்பாரோ, ஏன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்று கேட்பாரோ, என் காட்டை இனி யார் உழுவார் என்று கேட்பாரோ. சிற்றாலயத்தில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு மணியை நகர்த்தாமலே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை மாலை மதரிடம் போய், தான் போகவில்லை என்றார். மதர், "சரி, போகாத. ஆனா அவரு கேள்விய யாரு கேட்டுட்டு வருவா?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, சட்டை மாற்றி, தூக்குப்பாத்திரத்துக்காக அடுப்படி வாசலில் அந்தோணி நின்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் காப்பியைப் பூக்கவைக்கிற பூ மழை பெய்திருந்தது. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, ஜீப்புக்குள்ளேயே மல்லிகை போல வாசம் வந்தது. அந்தோணி எதையும் கவனிக்கவில்லை. மேடு ஏறும்போது என்னைவிட அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

வாசலுக்குப் போனதும் சின்னப்பொண்ணு, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று பாயைப் போட்டார். அந்தோணி உட்காரவில்லை. தூக்குப்பாத்திரத்தை வெள்ளையன் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர் போல நின்றார்.

"என்னமோ கேக்கோணும்னு சொன்னீங்களாம். கேளுங்க."

வெள்ளையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு லாரி பள்ளத்துல சிக்கிக்கிச்சு. நீங்க என்னத் தோளுல போட்டுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஓடறப்ப என்னமோ ஒண்ணயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே ஓடுனீங்க. பாட்டு மாதிரி இருந்துச்சு. பாதியக் கேட்டேன், அதுக்குள்ள மயக்கம் போட்டுருச்சு. ஆசுபத்திரில கெடந்தப்பயும் காதுக்குள்ள அதுதான் ஓடுச்சு. இவகிட்ட சொன்னேன், இவளுக்குத் தெரியல. அது என்னங்க? மீதி என்னங்க?"

அதுதான் கேள்வி.

அந்தோணி என்னைப் பார்த்தார். "அது செபமுங்க" என்றார். "அருள் நிறைந்த மரியே."

"அதேதான்! மரியே, மரியேன்னு வந்துச்சு. சொல்லுங்க, முழுசாக் கேக்கறேன்."

அந்தோணி நின்றபடியே சொன்னார். குழந்தையிலிருந்து அவர் சொல்கிற செபம்தான், ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தார். அந்தச் செபத்தின் கடைசியில் மரணம் என்ற சொல் வரும். அங்கே வந்ததும் குரல் நின்றுவிட்டது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. நான்தான் அந்தக் கடைசி வரியைச் சொல்லி முடித்தேன்.

வெள்ளையன் அந்தக் கடைசி வரியை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தார்.

"சாவுற நேரத்துக்கும் சேத்து வேண்டிக்கறீங்களா? நல்லதுதான். ஆனா அதுக்கு இன்னும் நாளிருக்குதுங்க. கோழி ஆறுது, உக்காந்து சாப்புடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். சின்னப்பொண்ணு மூன்று இலைகளைப் போட்டு, சாமைச்சோறு வைத்து, மண்சட்டியிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வருகிறோம் என்று காலையில் அடித்துச் சமைத்திருக்கிறார்கள்.

தவக்கால வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம், கறி ஆகாத நாள். பிறந்ததிலிருந்து தவக்காலத்தில் ஒரு நாளும் கறி என் நாக்கில் பட்டதில்லை. இத்தனை வருடமாக மற்றவர்களுக்கு விதி தவறாமல் சமைத்துப் போட்டவள் நான். மெதுவாக ஆரம்பித்தேன். "ஏனுங்க, இன்னைக்கு எங்களுக்கு வெள்ளிக்கெழம..."

"எங்களுக்கும் வெள்ளிக்கெழமதாங்க" என்றார் சின்னப்பொண்ணு. "நீங்க சோறு கொண்டாந்தீங்க, நாங்க வாங்கிக்கிட்டோம். இப்ப எங்க சோத்த நீங்க திங்கோணுமில்ல? நீங்க உக்காராட்டி இவரும் உங்க தூக்குப்போசியத் தொறக்க மாட்டாரு. நொம்பப் புடிவாதம்."

அந்தோணி உட்கார்ந்துவிட்டார். இலையைப் பார்த்தார், வெள்ளையனைப் பார்த்தார். வெள்ளையன் ஏற்கனவே என் பலாப்பிஞ்சுப் பொரியலை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தோணி ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். காத்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இன்னொரு பிடி எடுத்தார். பிறகு ஒரு லாரி டிரைவர் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டார். சின்னப்பொண்ணு சட்டியைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியதாயிற்று.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அந்தக் கோழி மிளகு தூக்கலாக, அம்மியில் அரைத்த மசாலாவோடு, அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் எனக்குத்தான் வயிற்றில் கோழி குத்தியது. மதரிடம் யார் சொல்வது? இறங்கியதும் நேரே அவர் அறைக்குப் போய், நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். கோழி என்ற இடத்தில் குரல் கம்மியது. மதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அந்தோணி சாப்பிட்டானா?"

"சட்டி காலிங்க மதர்."

"நீ?"

"நானுந்தாங்க."

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். திரும்பியபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "சீடர்கள ஊர் ஊரா அனுப்பும்போது ஆண்டவர் என்ன சொன்னாரு? வச்சதச் சாப்பிடுங்கன்னுதான் சொன்னாரு. ஆனா அருளம்மா, அடுத்த வாரம் வெள்ளனமே கெளம்பிடுங்க. அவங்க கோழியப் புடிக்கதுக்கு முன்னால போய்ச் சேரணும்."

எவ்வளவு சீக்கிரம் போனாலும் அந்த வீட்டில் எங்களுக்கு முந்தி அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று பிறகு விளக்கிச் சொன்னோம். அதிலிருந்து கீரையும் களியும் ஆனது. அந்தோணிக்கு வாரம் ஒரு வேளை அங்கே, மற்ற வேளைகள் என்னிடம். அவர் தட்டைப் பார்க்க மதர் வருவதை நிறுத்திவிட்டார். பெரிய வெள்ளி அன்று எல்லாரையும் போல அவரும் ஒரே வேளை சாப்பிடுகிற ஒருசந்தி இருந்தார், மதியம் கஞ்சி குடித்தார், மாலையில் மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு பதினான்கு நிலையும் விழாமல் ஏறினார். அன்றைக்கு நான் ஜன்னலில் நிற்கவில்லை. கும்பலோடு பின்னாலேயே நடந்தேன், கைக்குள் ஒரு வெல்லக்கட்டியை வைத்துக்கொண்டு. தேவைப்படவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து அவர் மறுபடி லாரி எடுத்தார். முதல் நடையே செம்மநத்தம் ரோட்டில்தான். பக்கத்து சீட்டில் வெள்ளையன். மேட்டுக் காட்டுக்குப் பாதி தூரம்வரை வண்டி போகும் என்று கண்டுபிடித்தார்கள். மீதியைக் கோலூன்றி ஏறிவிடலாம். அதன் பிறகு நடை இருக்கிற நாளெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றி வருவது அந்தோணியின் வழக்கமாகிவிட்டது. அந்த வருடம் அந்தக் காட்டில் சாமை விளைந்தது.

வெள்ளையன் கோவிலுக்கு வந்ததில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அவர் சாமி மேலே மலையில் இருக்கிறார், அதுவே அவருக்குப் போதும். ஆனால் லாரி பனிக்குள் நுழையும்போது, அந்தோணி செபத்தைத் தொடங்கினால் பக்கத்து சீட்டிலிருந்து கடைசி வரியைச் சொல்லி முடிப்பது அவர்தானாம். அந்தோணியே வந்து சொல்லிச் சிரித்தார்.

ஆக்னஸ் மதர் மாற்றலாகிப் போய்விட்டார். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி, நானும் வீட்டோடு இருக்கிறேன். இந்த வருடம் காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயத்தில் செம்மநத்தத்திலிருந்து போன் வந்தது. சின்னப்பொண்ணு.

"ஏனுங்க அம்மிணி, உங்க நோம்பு இந்த வருசம் எப்பங்க ஆரம்பிக்குது?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"சேவல் ஒண்ணு நல்லா வந்திருக்குதுங்க. அதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம நீங்களும் லாரிக்காரரும் வந்து சாப்புட்டுட்டுப் போயிருங்க. அப்பறம் நீங்க பாட்டுக்கு நோம்பு இருங்க, நாங்க ஒண்ணும் சொல்லலைங்க."